பத்தொன்பது துளைகள்

காப்பிக் கடை மேசையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார் யெரோலிம். கோப்பைகள் இரண்டும் என் கையில். சட்டைப் பையிலிருந்து ஒரு டிரேசிங் தாளை எடுத்து, பலகையின் அடிப்புறத்தில் வைத்து நகர்த்தினார், திருப்பினார். பிறகு தாளை மடித்து வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"நேத்து அறுத்த மரம். பழசுன்னு கடைக்காரன் பொய் சொல்லியிருக்கான்."

எங்கள் பேராலய நூலகத்தின் ஏடுகளுக்கு அவர் காப்பாளர். வாசகர் மேசையில் எனக்கு வேலை. பதினாறு வருடத்தில் அவர் உட்கார்ந்து காப்பி குடித்து நான் பார்த்ததில்லை.

தாளில் இருப்பவை பத்தொன்பது புள்ளிகள். விவிலியச் சங்கீதங்களை லத்தீனில் எழுதிய எங்கள் தோல் ஏட்டின் கடைசிப் பக்கத்துப் புழுத் துளைகள் அவை. தொள்ளாயிரம் வருட ஏடு. ஆட்டுத் தோலைச் சுரண்டும்போது கத்தி பட்டுக் கிழிந்த ஓட்டைகளை, எழுதிய கை சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. பின்னால் அதை வைத்திருந்த ஒரு கப்பல் தலைவன், தன் பிள்ளைகள் பிறந்த நாட்களை ஓரத்தில் குறித்திருக்கிறான். மூன்றாவது பெயருக்கு மட்டும் சிலுவை போட்டிருக்கிறான். முதல் உடைமையாளரின் பெயரை யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

அங்கேதான் சண்டை. ஏடு எங்கள் ஊர்த் துறவிகளுடையது என்பார் யெரோலிம். எதிர்த் தீவின் கன்னியர் மடமோ, எழுதியதே தங்கள் பழைய கன்னியர்தான் என்கிறது. நிரூபித்தால் தந்துவிடுவதாக ஆயர் அவர்களுக்குக் கடிதமே கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை நினைத்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"புழு ஏட்டைத் தின்னுட்டு மேலட்டையா இருந்த மரப் பலகைக்குள்ள போயிருக்கும்மா. அந்தப் பலகையை எவனோ கழட்டிட்டான். அது எங்க கிடைக்குதோ, அதுதான் ஏட்டோட வீடு. நம்ம ஊர்லதான் கிடைக்கும், பாரு."

அதற்காக அவர் பார்க்காத மரமில்லை. பாவமன்னிப்புக் கூண்டு, மீன் பெட்டி, கோழிக்கூண்டு. என் திருமணத்தன்று முழந்தாளிடும் பலகையின் அடியில் தலையை விட்டிருந்தார். படத்தில் அவர் கால்கள் மட்டும் விழுந்திருக்கின்றன.

அந்தக் காப்பிக் கடைக்கு அடுத்த மாதம், கண்காட்சிக்கு மெழுகுவர்த்தித் தண்டுகள் இரவல் கேட்டு அந்த மடத்துக்குப் போனோம். சமையலறையில் சிஸ்டர் அனுன்சியாத்தா பீப்பாயிலிருந்து உப்பு மத்தி எடுத்துத் தந்தார். மீனை அமுக்கியிருந்த கல்லை இறக்கி, அதன் அடியிலிருந்த பலகையைக் கழுவி, சுவரில் சாய்த்தார். யெரோலிம் மெல்லுவதை நிறுத்தினார்.

"இந்தப் பலகை எப்பலேருந்து இருக்கு சிஸ்டர்?"

"யாருக்குத் தெரியும்? நாங்க வரும்போதே மீன்மேலதான் இருந்துச்சு. ஏன், உங்க ஊர் மேசையெல்லாம் தீர்ந்துபோச்சா?"

சொல்லிவிட்டு அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். யெரோலிம் தாளை வைத்தார். ஒரே ஒரு முறை திருப்ப வேண்டியிருந்தது. பத்தொன்பதும் பொருந்தின.

பலகையை மறுபடி பீப்பாய்க்குள் போட்டுக் கல்லை ஏற்றிவிட்டால் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. போட்டுவிடுங்கள் என்றுதான் நானும் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். அவர் விரலால் எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"சிஸ்டர், மதரைக் கூப்பிடுங்க. ஆயர் கொடுத்த கடிதத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

தாளைப் பலகையின் மேலேயே விட்டுவிட்டு வந்தார்.

திரும்பும் படகில் அவர் உட்காரவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தார். பழைய மரப் பெஞ்சு ஒன்றைக் கண்டதும் குனிந்தார். கை சட்டைப் பைக்குப் போனது. வெறும் பையைத் தட்டிவிட்டு, அதே கையால் பெஞ்சின் அடிப்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்தார்.