குதிரை கட்டிய ஜவுளிக்கடை

மனு, பெட்டிசம் எழுதுகிற தொழிலில் விரல்தான் வலிக்கும் என்று நம்பிப் பள்ளிக்கூடத்தை விட்டேன், வலிக்கிறதோ கதை கேட்கிற காது. அரசாங்கப் படிவத்தோடு மல்லுக்கட்டியிருந்தால் நீங்களும் என் கட்சிதான்.

கந்தப்பளைக் கடைவீதியில், காசீம் நானாவின் ஜவுளிக்கடை வராந்தாவில் என் டைப்ரைட்டர். இந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள், பல வருஷமாக இங்கேயே இருக்கிறோம் என்று நிரூபித்தால்தான் பிரஜாவுரிமை என்று சட்டம். தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து லயம் லயமாக என் மேசைக்கு வந்தார்கள்.

பேர் மூன்று

கடைக்கு நம்பர் கிடையாது. முதன்முதலில் பார்த்தபோது அது என்னவாக இருந்ததோ, அதையே சாகும்வரை சொல்வார்கள். என் வயசுக்காரர்களுக்கு ஜவுளிக்கடை. அப்பாமார்களுக்கு பேக்கரி. அதற்கும் முந்தியவர்களுக்குக் குதிரை லயம். டவுனுக்கு வரும் வெள்ளைக்காரத் துரைமார் குதிரையைக் கட்டின இடம்.

ஜவுளிக்கடைக்கு வரச் சொன்னேன் என்று கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா வீதியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார். "பேக்கரின்னு சொன்னா வாயா வலிக்கும்? படிச்ச புள்ளைக்கு ஊரே தெரியல!"

நான்கு காலண்டர்

கடைக்குள் சுவரில் நான்கு இரும்பு வளையங்கள். குதிரை கட்டினவை. பிடுங்கினால் சுவர் வரும் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் நானா ஒரு காலண்டர் மாட்டியிருந்தார். நான்கிலும் ஒரே வருஷம், ஒரே படம். எதற்கு என்று கேட்டேன்.

"கல்யாணப் பொடவ எடுக்க வாற எடத்துல குதிரக் கதய எடுக்காத தம்பி. என்ட கட எப்பவும் கடதான்."

முத்தையா மாமா

தோட்டத்தில் வேலை செய்த முத்தையா மாமாவின் பழைய பதிவெல்லாம் தோட்டத்து ஆபீஸோடு எரிந்துவிட்டன. பிந்திய வருஷங்களுக்குத்தான் கடுதாசி இருந்தது. முந்திய வருஷங்களுக்குச் சாட்சி இல்லையென்றால் அவரும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. ஆனால் அவர் இந்தக் கடையைக் குதிரை லயம் என்றுதான் சொல்வார். சின்ன வயசில் இங்கே குதிரைக்குப் புல்லுப் போட்டவர்.

அதையே டைப் அடித்து, இது குதிரை லயமாக இருந்தது உண்மை என்று நானாவிடம் கையெழுத்துக் கேட்டேன். மறுத்துவிட்டார். எனக்குக் கோபம். மாமா கேட்டார்:

"நான் புல்லுப் போட்டது பொய்யின்னா, அந்தக் குதிரைங்க என்னத்தத் தின்னுச்சுங்க?"

விசாரணை

பிரஜாவுரிமை விசாரணை செய்யும் ஐயா நேரிலேயே வந்தார். கடையில் ஒரு கல்யாணக் கூட்டம் புடவை பிரித்துக்கொண்டிருந்தது. இது முன்னால் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"கடைதான், மாத்தயா" என்றார் நானா. ஐயா ஃபைலை மூடினார்.

மாமா சுவரைப் பார்த்தார். "கடேசிக் காலண்டருக்குப் பின்னால வளையம் ஒண்ணு ஆடும். வெள்ளக் குதிரை இழுத்து இழுத்து ஆட வச்சிருச்சு." நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

அந்தக் காலண்டரை மாட்டியதிலிருந்து நானாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. நானாவே போய்க் கடைசிக் காலண்டரைக் கழற்றி வளையத்தை அசைத்தார். ஆடியது. விரித்த புடவையில் சுண்ணாம்பு கொட்டியது. "எழுதுங்க மாத்தயா. குதிரை லயந்தான்."

பேக்கரி வந்த வருஷம் அரசாங்கக் கச்சேரி ஆபீஸில் பதிவாகியிருந்தது. குதிரை அதற்கும் முந்தியது. ஐயா எழுதிக்கொண்டார்.

கல்யாணப் பெண்ணின் அம்மா சுண்ணாம்பைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "குதிரை லயம்னா வெலையக் கொறைங்க நானா."

முத்தையா மாமாவுக்குப் பிரஜாவுரிமை வந்தது, புடவை விலை இறங்கவில்லை, நான் விரல் ஒடிய அடித்த பதினெட்டுப் பக்கப் பெட்டிசத்தை அந்த ஐயா கடைசிவரை பிரிக்கவே இல்லை.