அக்காவின் லாகின்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். நான் காயப்போட்ட துணியை மறுபடி உதறிக் காயப்போடுவார். கேட்டால், "ஓரம் மடங்கியிருந்துச்சு" என்பார். வீட்டுக்காரரின் அக்கா ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனால் அவர் வேலை பார்த்த ஆபீஸில் அவருக்குச் செய்ததை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். எங்களோடுதான் இருக்கிறார். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை பார்த்தார். கிரிப்டோ என்கிற இணையக் காசை வாங்கி விற்கிறவர்களுக்கு வரிக்கணக்கு தயார் செய்து கொடுப்பார்கள். அங்கே என்னதான் வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தர் தன்னோட காயினை ஒரு வாலெட்லேருந்து தன்னோட இன்னொரு வாலெட்டுக்கு மாத்துறார்னு வை. இடது பாக்கெட்லேருந்து வலது பாக்கெட்டுக்கு, அவ்வளவுதான். ஆனா சாஃப்ட்வேர் அதை வித்துட்டதா எழுதி வச்சிடும். வித்தா வரி. அப்படி எழுதின வரிசையெல்லாம் தேடி டிக் பண்ணி, மொத்தமா 'சொந்த மாற்றம்'னு மாத்தணும்."

"ஒரே தட்டுல முடிஞ்சிடுமா? இதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"நீ வேணா வந்து தட்டிப் பாரேன்" என்றார். அந்தப் பவிசுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். எத்தனை பேர் வேலை செய்தாலும் சாஃப்ட்வேருக்கு ஒரே லாகின், அதுவும் அக்காவின் பெயரில். ஆளுக்கொன்று என்றால் ஆளுக்கொரு சந்தா கட்ட வேண்டுமே! "நாமெல்லாம் ஒரே குடும்பம், எதுக்குத் தனித்தனியா?" என்பார் முதலாளி. பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். யார் எதை மாற்றினாலும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் அக்காவின் பெயர் விழும். அதில் அக்காவுக்குப் பெருமை வேறு. அசடு.

எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்த அன்று, லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருடைய நாற்காலியில் முதலாளியின் மாப்பிள்ளை உட்கார்ந்தான்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு வில்லங்கம் உண்டு. வேண்டிய வரிசைகளை மட்டும் வடிகட்டி நிறுத்தினாலும், மேலே 'எல்லாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அக்கா அந்தக் கட்டத்தின் பக்கமே போகமாட்டார். பக்கம் பக்கமாகத்தான் டிக் அடிப்பார். மாப்பிள்ளைக்குப் பொறுமை ஏது? கட்டத்தில் டிக் அடித்தான். ஒரு வாடிக்கையாளர் உண்மையாகவே விற்றதெல்லாம் சொந்த மாற்றம் ஆகிவிட்டது. வரி எக்கச்சக்கமாகக் குறைந்தது. யாரும் சரிபார்க்காமல் அப்படியே தாக்கலும் செய்துவிட்டார்கள்.

பல மாதம் கழித்து அந்த வாடிக்கையாளருக்கு வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர் மாடியேறி வந்து கத்தினார். "இதைப் பண்ணது யாரு?" முதலாளி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வரிசைக்கு வரிசை அக்காவின் பெயர்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார் அக்கா. "வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. உனக்குக் கல் எடுத்த அன்னிக்கு என் பேர்ல தப்பு விழுந்திருக்காம்" என்றார். அவ்வளவுதான். போட்ட செருப்போடு அப்படியே அந்த ஆபீஸுக்கு மாடியேறிப் போனேன்.

"அன்னிக்கு எங்கக்கா என்கூட ஆஸ்பத்திரியில இருந்தாங்க. லீவு கொடுத்ததே நீங்கதானே?"

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். "தெரியும்மா. மாப்பிள்ளையை நான் எப்படிம்மா காட்டிக்கொடுக்கிறது? என் பொண்ணு அங்க வாழணுமே."

"எங்க வீட்டுப் பொண்ணு வாழ வேண்டாமா?"

"அவங்களுக்கென்ன, தனி ஆளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். வெளியே மாப்பிள்ளை காதில் இயர்போனோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அக்கா எந்த ஆபீஸுக்குப் போனாலும், அவர் கீழே இறங்குவதற்குள் பழைய முதலாளிக்கு போன் போய்விடும். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். அதற்குள் இனி அவரை யாரும் விடப்போவதில்லை.

ஆனாலும் காலையில் குளித்துவிட்டு, என் பெண்ணின் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். வேலை தேடுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் அதே சாஃப்ட்வேர். பாஸ்வேர்டை மாற்றக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை முந்தின நாள் தப்புத்தப்பாக மாற்றியதையெல்லாம் பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பைத்தியமா அக்கா? அவன் நாசமாப் போகட்டுமே!"

"அவன் போனா போறான். ஒவ்வொண்ணுலயும் என் பேர் இல்ல இருக்கு?"

போன வாரம் மருந்துக் கடையில் முதலாளியைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மனிதர் வலிய வந்து, "அக்கா சௌக்கியமா?" என்றார். கடைக்காரர் அவரிடம் எப்படிப் போகிறது தொழில் என்று கேட்டதற்கு, என் காதில் விழட்டும் என்றுதானோ என்னவோ, "மாப்பிள்ளை கைதேர்ந்துட்டாருங்க. இப்பல்லாம் கணக்குல தப்பே வர்றதில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து, வயிற்றெரிச்சல் தாங்காமல் அதை அப்படியே அக்காவிடம் கொட்டினேன். இப்போதாவது அந்த லேப்டாப்பை மூடித் தொலைப்பார் என்று நினைத்தேன்.

"தப்பே வர்றதில்லன்னா சொன்னார்?" என்றார் அக்கா. வேலை போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.