பக்கத்து வீட்டு மரத்துக்கு நான் கட்டிய அத்திவாரம்

மண்ணைப் பார்க்காமல் பஞ்சாங்கத்தைப் பார்த்து அத்திவாரம் வெட்டிய மடையன் நான். அதோடு இன்னொன்றையும் சொன்னால்தான் இந்த மடமையின் நீள அகலம் சரியாகத் தெரியும்: நான் வேலை செய்வது ஒரு காப்புறுதி நிறுவனத்தில். ஊரார் எதிர்பாராத இழப்புகளை முன்கூட்டியே எதிர்பார்த்து விலை போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நோர்பரியில் எங்கள் வீட்டில் குளியலறை மேல்மாடியில் மட்டுமே இருந்தது. மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்த பிறகு படிக்கட்டு அவளுக்குப் பகையாகிவிட்டது. ஆகவே வீட்டின் பின்புறத்தில் ஓர் அறையும் அதனோடு ஒரு ஷவரும் கட்டுவதென்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் என் ஆசை ஒன்றும் சேர்ந்திருந்தது: தோட்டத்தைப் பார்த்தபடி சுவர் முழுவதற்கும் மடித்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு. உறவினர் ஒருவரின் வீட்டில் அப்படியொரு கதவைக் கண்டிருந்தேன். பிறந்தநாளுக்கு வந்தவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் கதவைத்தான் சுற்றி நின்றார்கள்.

வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர் எங்கள் ஆள்தான். ஜேர்மனியில் நெடுங்காலம் கட்டட வேலை செய்துவிட்டு இங்கே குடிபெயர்ந்தவர். வந்ததும் வேலிக்கு அப்பால் நின்ற பெரிய வில்லோ மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணை, முதல்ல ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாப்பம். இது களிமண். கீழ என்ன கிடக்கெண்டு தெரியாமல் நான் எப்பிடி விலை சொல்லுறது?"

"எவ்வளவு நாள் செல்லும்?"

"இஞ்சினியர் வந்து பாக்க ரெண்டு கிழமை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயில் ஐயர் குறித்துத் தந்த நல்ல நேரம் வருகிற புதன்கிழமை. "அதை விட்டால் இனித் தைக்குப் பிறகுதான், தம்பி" என்றேன்.

"கல்லு வைக்கிறதுக்கு நேரம் பாருங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. வெட்டுறதுக்கு மண்ணைப் பாருங்கோ."

"நீர் ஜேர்மனியில கனகாலம் இருந்திட்டீர்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். நிலத்துக்குக் கீழே எதிர்பாராமல் ஏதும் வந்தால் அதற்குத் தனி விலை. எதிர்பாராமல் என்றால் எதுவரை, எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். வெள்ளைக்காரன் என்றால் கேட்டிருப்பேன். எங்கள் ஆளிடம் அப்படித் துருவிக் கேட்டால் சந்தேகப்படுவதுபோல் இருக்குமே என்று கூச்சம். பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை தூறலில் ஐயர் குடை பிடித்தபடி மந்திரம் சொன்னார். பாலூற்றி, நவதானியம் தூவிக் கல்லை வைத்தோம். மறுநாளே மிச்சக் குழியையும் வெட்டி முடித்தார்கள். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழியைப் பார்க்க வந்த கட்டட இன்ஸ்பெக்டர், குழியைப் பார்க்க முதல் மரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, களிமண்ணுக்குள் தலைமயிர்போல் ஓடியிருந்த வேர்களைப் பார்த்தார். இந்த மரம் நிலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் சுருங்கும், ஆகவே இதைப்போல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் மனைவிக்கும் ராசி பார்த்திருந்தோம். மரத்துக்குப் பார்க்கவில்லை.

நல்ல நேரத்தில் வைத்த கல்லை, என்ன நேரமென்று யாரும் பார்க்காத ஒரு பின்னேரத்தில், தோண்டும் இயந்திரம் தூக்கி வெளியே வைத்தது.

கூடுதல் வெட்டு, மண் ஏற்றும் லொறி, கொங்கிரீட் என்று ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் குறைக்கேலாதோ, தம்பி?"

"கொங்கிரீட்டைக் குறைக்கலாம். பிறகு வீடு தானாக் குறையும்."

வங்கியில் இனிக் கேட்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். "வேற ஏதாவது ஒண்டை விடுங்கோ அண்ணை. ஷவர், இல்லாட்டிக் கண்ணாடிக் கதவு. திங்கக்கிழமை சொல்லுங்கோ. ஷவருக்கெண்டால் நிலம் போட முதல் பைப்பு புதைக்கோணும்."

கணக்குப் போட்டேன். ஷவரைப் பிறகும் போடலாம், சுவரை எழுப்பிவிட்டுக் கதவைப் பிறகு போட ஏலாது என்று எனக்கு நானே நிரூபித்தேன். நிலத்தை உடைக்காமல் பிறகு எப்படிப் பைப்பு புதைப்பது என்ற கேள்வியை நான் என்னிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை மனைவியிடம் போனேன்.

"ஷவரை வாற வருசம் போடுவமே?"

"சரி."

"கோவமோ?"

"எனக்கென்ன கோவம்? நீங்கள் கதவைத் திறந்து வைச்சு மரத்தைப் பாருங்கோ. நான் மேல போய் முழுகிட்டு வாறன்."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். நல்ல காலை முதலில் வைத்து, மற்றக் காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து, கைபிடியை இறுகப் பற்றிக்கொண்டு. பாதி வழியில் நின்றாள். அவள் மூச்சு வாங்குவது கீழே நின்ற எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. மாதக்கணக்காக அது கேட்கும்போதெல்லாம் சோபாவில் இருந்தபடி டீவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

எதிர்பாராத செலவு வந்தால் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். யாருடையதை வெட்டுவது என்ற கேள்வியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டுகிறவனுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர்களின் இழப்பைக் கவனமாக நிறுத்துப் பார்க்கிற நான், வீட்டில் இழக்கப்போவது யார் என்பதை ஒரு விநாடியில் முடிவுசெய்திருந்தேன். அவள் "சரி" என்றது அந்தக் கணக்கை ஒத்துக்கொண்டதால் அல்ல. என்னோடு வாதாடவும் ஏறவும் சேர்த்து அவளிடம் பலம் இல்லை என்றுதான் நினைத்தேன். அதிலும் எனக்குப் பாதிதான் விளங்கியிருந்தது.

ஞாயிறு முழுவதும் யோசித்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் ஒப்பந்தக்காரரை அழைத்தேன். குரலில் தியாகம் சற்றுத் தூக்கலாகவே இருந்திருக்கும்.

"தம்பி, கண்ணாடிக் கதவு வேண்டாம். சாதாரணக் கதவு போடும். அக்காவுக்கு ஷவர்தான் முக்கியம். நான் விட்டுக்குடுக்கிறன்."

பாராட்டுக்கு இடம்விட்டுக் காத்திருந்தேன்.

"கதவு வேண்டாமெண்டு அக்கா சனிக்கிழமையே சொல்லிட்டா, அண்ணை."