பாஸ்போர்ட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக்

புதுப்பட்டினத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில்தான் ஜெராக்ஸ்; ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம், ரேஷன் கார்டு எல்லாம் இங்கேதான் நடக்கும். எட்டாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரை வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே பழகினேன். கூடவே அவர்கள் பேச்சும் மனசில் ஒட்டிக்கொண்டது. வலைக்காரர் ஒருவர் சொன்னார்: "காயிதத்துல இருந்தாத்தான் அண்ணாத்த நாம கீறோம். ஆளு எதிர்ல நின்னா எவன் நம்புறான்?"

எங்கள் ஊர் உப்புக்காற்று அந்தக் காகிதத்தை விட்டுவைக்காது. பீரோவுக்குள் வைத்தாலும் நமுத்துப்போகும், மை பரவும். அதனால் இங்கே எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஜாதகம், ஒருத்தர் தன் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கொண்டுவந்தார். "பிளாஸ்டிக் போட்டுக் குடுண்ணா" என்பதுதான் என் கடையில் நாள் முழுக்கக் கேட்கும் சத்தம்.

என் மனைவி பக்கத்துக் குப்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. பிறந்தது முதல் கடலுக்கு எதிரேயே இருந்தும் ஒரு நாள்கூட அவள் கடலுக்குள் போனதில்லை. செங்கல்பட்டில் இதயத்துக்கு ஆபரேஷன் செய்ய நாள் குறித்தபோது, வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கையில் சொன்னாள்: "அதுக்கு முன்னாடி ஒரு தரம் கப்பல்ல போவணும்யா. கரையில இருந்து கடலப் பாத்துகினே கெழவியாயிட்டேன். கடல்ல இருந்து நம்ம கரை எப்டி கீதுன்னு பாக்கணும்."

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்று இருந்தது. எங்கள் ஊரை அடுத்த மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கு கப்பலிலிருந்து தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டாக்டரும் மாத்திரையோடு போய்வரலாம் என்றார். துபாயில் இருக்கும் மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய பிரசவத்துக்குப் போவதற்காக எங்கள் இருவருக்கும் எப்போதோ பாஸ்போர்ட் எடுத்திருந்தோம். போகவில்லை, பீரோவில் கிடந்தது.

ஊருக்கே ஃபைல் போட்டுக் கொடுப்பவன் என் வீட்டுக்குப் போடாமலா? டிக்கெட், இலங்கை விசா, டாக்டர் சீட்டு, ஆதார், எல்லாவற்றிலும் ரெண்டு ஜெராக்ஸ். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணினேன். அப்போதுதான் பார்த்தேன், என் மனைவியின் போட்டோ இருந்த பக்கத்தில் மேல்தாள் ஈரத்தில் உப்பி, ஓரம் பிரிந்திருந்தது. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒரு பிளாஸ்டிக் துண்டை அளவாக வெட்டி மேலே வைத்து, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் அழுத்தினேன். கண்ணாடிபோல வந்தது.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்குகூட என் மூஞ்சி இவ்ளோ பளபளன்னு இல்லியே!" என்றாள்.

துறைமுகத்தில் முதல் கவுண்டரைத் தாண்டிவிட்டோம். பெட்டிகூட உள்ளே போய்விட்டது. குடியேற்ற அதிகாரி அவள் பாஸ்போர்ட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். நகத்தால் ஓரத்தைத் தடவினார்.

"இதுக்கு மேல யார் லேமினேட் பண்ணது?"

"நான்தான் சார். உரிஞ்சி வந்திச்சு, நான்தான் சரி பண்ணேன்." பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"போட்டோ மாத்தினாத்தான் இப்படி இருக்கும். இதோட அனுப்ப முடியாது, பெரியவரே. புதுசுக்கு அப்ளை பண்ணுங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆதாரைக் காட்டினேன், வாக்காளர் அட்டையைக் காட்டினேன், அவள் முகத்தையே காட்டினேன். அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

கண்ணாடி வழியாகக் கப்பலின் வெள்ளைப் பக்கம் தெரிந்தது. அவ்வளவு கிட்டே. "உன்னுது நல்லாத்தானே கீது. நீ போய் பாத்துட்டு வந்து சொல்லேன்" என்றாள். நான் என் பாஸ்போர்ட்டையும் மூடி ஃபைலுக்குள் வைத்தேன்.

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வண்டி பிடித்து ஊர் வந்தோம். அவள் வீட்டுக்குள் வரவில்லை, நேரே கரைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். இருட்டிய கொஞ்ச நேரத்தில் தூரத்தில் விளக்குக் கூட்டம் ஒன்று தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கப்பல்தானா, தெரியாது. அதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

மீன் விற்கும் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். "இன்னாடி, கப்பலுக்குன்னு போனீங்க, இங்க குந்திகினு கீறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "எனக்கு மயக்கம் வந்துடுச்சுக்கா. இந்தாளு பயந்துபோய் கூட்டியாந்துட்டாரு."

ஊருக்கெல்லாம் காகிதம் பார்த்துக் கொடுப்பவன் சொந்தப் பெண்டாட்டியின் காகிதத்தைக் கெடுத்தான் என்று யாரும் பேசிவிடக் கூடாது அவளுக்கு. நானும் அந்த மயக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

புதுசுக்கு விண்ணப்பித்தோம். ஆபரேஷன் நாள் முந்திக்கொண்டது. போனவள் திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். வாசலில் நின்று தாளைப் பார்த்து, "அம்மாவக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, ஆளப் பாக்கணும்" என்றார். நான் ஒதுங்கி நின்றேன். மாலை போட்ட படம் தெரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒன்று கேட்டார்.

அவர் போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா படியில் வந்து உட்கார்ந்தார். "பாவி, அன்னிக்கு அந்த மயக்கம் மட்டும் வராம இருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"மயக்கம் இல்லக்கா. நான்தான். பிளாஸ்டிக் போட்டுக் கெடுத்துட்டேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தெரியும்டா. மயக்கம் வந்தவ மணல்ல குந்திகினு சுண்டல் வாங்கித் துன்னாளே, அப்பவே இன்னாவோ கீதுன்னு தெரியும். அவ சொல்லல, நாங்களும் கேக்கல. ஆனா அந்த வெளக்கு மறையற வரைக்கும் அவ எழுந்திரிக்கவே இல்லடா."