முடிந்தது என்று சொல்லும் வரி

காலை பதினொன்றரை மணிக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. அக்கா போய்விட்டாள். எதிர் மேசையில் எங்கள் மேலாளர், "இன்னைக்கும் சர்வர் படுத்துடுச்சா?" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். வைத்தது அக்காதான்.

அக்காவும் நானும் ஒரே நிறுவனத்தில் பேருந்து முன்பதிவுக்கான மென்பொருள் எழுதினோம். போனை வைக்கும் முன் "சரி, வெச்சிடட்டுமா?" என்று கேட்டு, மறுமுனை "ம்" சொல்லும்வரை காத்திருப்பாள். வீட்டில் அது பெரிய கேலி. நிரலையும் அப்படித்தான் எழுதினாள். பயணி தேடத் தொடங்கியதும் சர்வர் தன்னிடம் அவருக்கென ஓர் இடம் ஒதுக்கி, ஒரு செஷன் திறக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த இருக்கை என்று அடுத்தடுத்து அவர் சொல்வதை நினைவில் வைத்திருக்கும். சீட்டு கிடைத்ததும் "முடிந்தது" என்று ஒரு வரி போக வேண்டும். போகாவிட்டால், எழுந்து போனவருக்காக சர்வர் இடம் பிடித்துக் காத்திருக்கும். எல்லா இடமும் நிரம்பினால் புதியவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

வாடிக்கையாளருக்கு வேகம் காட்ட வேண்டிய நாளில், மேலாளர் அக்காவின் கணினியில் உட்கார்ந்து அந்த வரியை நீக்கினார்.

"எதுக்கும்மா இந்தக் கும்பிடு போட்டு விடைபெறுற வேலையெல்லாம்?"

"இடம் அடைச்சுக்கும் சார்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

அடைத்துக்கொண்டது. மாற்றம் அக்காவின் பெயரில் பதிவாகியிருந்தது. நிறைந்த கூட்டத்தில் அவர் அவளைக் கைகாட்டி, "இவங்கதான் மூட மறந்துட்டாங்க" என்றார். அக்கா வேலையை விட்டாள். பிறகு நோய் வந்தது. படுக்கையிலும், "நான் மறக்கலடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அக்கா எழுதிய பகுதியில் அந்த வரியை எங்கே திரும்பப் போடுவது என்று மேலாளருக்குத் தெரியவில்லை; அதைத் தொட மற்றவர்களுக்குப் பயம். 'நாளைக்கு' என்னிடம் வந்தார்.

"உங்கக்கா எழுதுனது உனக்குத்தானே தெரியும். கொஞ்சம் சரி பண்ணிடும்மா."

"பண்றேன் சார். அந்த வரியைத் தூக்குனது நீங்கதான்னு கூட்டத்துல சொல்லுங்க."

"செத்தவங்களுக்கு அதனால என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஆகும்."

அவர் முகம் கறுத்தது. "சரி, நாளைக்குப் பாக்கலாம்."

இப்போதும் மதியம் ஆனால் சர்வர் அடைக்கிறது. எச்சில் கையோடு அவரே ஓடி வந்து அணைத்து மறுபடி போடுகிறார். மகள் கல்யாணத்தன்றும் வந்தார். நான் டப்பாவைத் திறந்து, அவரைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிடுகிறேன். அக்கா போன பிறகு எனக்குச் சோறு இறங்குவது அந்த நேரத்தில்தான்.

கூட்டத்தில் அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வரியை நானும் இன்னும் எழுதவில்லை.