பன்னிரண்டு மீட்டர் வெள்ளைத் துணி

மாலை 4.15க்கு மருதமுனையில் இறங்கியதும் துணிக்கடை தேடினேன். வௌவால் எச்சம் சேர்க்கும் வெள்ளை விரிப்புகளை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வந்த மறதிக்காரன் நான்.

"காக்கா, வெள்ளைப் பருத்தி பன்னிரண்டு மீட்டர் தாங்க."

அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆணுக்கா தம்பி, பொம்புளைக்கா?"

"ரெண்டும் கலந்துதான் இருக்கும்."

"எத்தின பேர்?"

"முந்நூறு மட்டில."

கத்தரிக்கோல் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மையத்தை, அதாவது செத்தவர் உடலை, பொதிகிற கபன் துணிக்கல்லவா மனுசன் அளவு கேட்கிறார்! வௌவாலுக்கு என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. 4,200 ரூபாயை வாங்கிக்கொண்டு, நான்காக வெட்டி மடித்துத் தந்தார்.

ஓட்டோவில் ஐந்து கிலோமீட்டர், கல்முனைக்குடி. மையவாடியை, அதாவது அடக்கத்தலத்தை, பார்த்துக்கொள்ளும் சலீம் காக்கா வாசலில் நின்றார். உள்ளே பெரிய வாகைமரம், அதில்தான் வௌவால் கூட்டம். அதன் எச்சத்தில் மரபணு பார்த்து, எது எதற்கு உறவு, எதற்கு என்ன நோய் என்று ஐந்து வருடமாக எழுதிவருகிறேன்.

"இந்தக் கிழம மூணு செத்து விழுந்திட்டு, சேர். ஆக்கள் பயந்திட்டாங்க. இன்னொண்டு விழுந்தா மரத்த வெட்டுறதெண்டு முடிவு."

மறுநாள் காலை 5.20. சலீம் காக்கா சுபஹு தொழுதுவிட்டு வந்தார். மண்மேடுகளுக்கு நடுவே நான்கு துணிகளையும் விரித்தோம். அவை கிடந்த விதம் எனக்குப் பிடிக்கவேயில்லை. இரை தேடிப்போன வௌவால்கள் திரும்பிவந்து, கிளைக்குச் சண்டைபிடித்து இரைந்தன.

பொத்தென்று ஒரு சத்தம். மரம் முழுக்க அடங்கிவிட்டது. முந்நூறும் தலைகீழாகத் தொங்கியபடி எங்களையே பார்த்தன. ஐந்து வருடத்தில் அந்த மரம் அப்படி அடங்கி நான் கண்டதில்லை. பயந்துதான் போனேன்.

நான்காவது துணியில், இறக்கையை மூடியபடி ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. கையுறை போட்டு, இறக்கையை விலக்கிப் பார்த்தேன்.

"நான் ஒண்டும் காணல்ல, சேர்," என்றார் சலீம் காக்கா. "நீங்களும் காணல்ல."

துணியின் நாலு முனையையும் அவரே அதன்மேல் மடித்தார். பொதியை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

6.40 பஸ். பெட்டி என் மடியில்.

"பெட்டியில மீனா, தம்பி?" பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"ஓம்."

ஒரு பொய் சொல்லியாயிற்று. 'ஒன்றும் காணவில்லை' என்று இன்னொன்றும் சொன்னால் மரம் தப்பும், என் ஐந்து வருடமும் தப்பும். ஆனால் அந்த நோய் எதுவென்று தெரியாமலே போகும். செத்த வௌவாலைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் படிவத்தை எடுத்தேன். முதல் கேள்வி, கடைக்காரர் கேட்ட அதே கேள்வி.

'பெண்' என்று எழுதினேன்.