இடுப்பு மணிகள்

எழுபதுகளின் நடுவில் பிளாக்டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, அடுத்த வீட்டில் ஒரு மஞ்சு இனத்துப் பெரியவர் இருந்தார். மஞ்சூரியாவில் பிறந்து ஹொங்கொங் வழியாக வந்தவர். அவரிடம் ஒரு தோல் பட்டி இருந்தது. அதில் கூம்பு வடிவ இரும்பு மணிகள் நெருக்கமாகத் தொங்கின. மணிகளுக்கு நாக்குக் கிடையாது. அவருடைய ஊரில் ஆவிகளை அழைத்துப் பூசை செய்பவர் அதைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுவாராம். மணிகள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்குமாம்.

உள்ளூர் நூலகத்தில், குடியேறி வந்தவர்களுக்காக ஒரு கலை நிகழ்ச்சி வைத்தார்கள். பெரியவர் தன் பறையை அடிக்க ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியாது. மணிகளைக் கட்டி ஆட்ட ஆள் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார். நான் ஒரு கந்தோரில் கட்டட வரைபடம் கீறுகிறவன். இடுப்பு என்பது காற்சட்டை நிற்கிற இடம், அவ்வளவுதான். ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை.

மனைவி குசினியில் இருந்து கேட்டாள். "உங்களுக்கு உரு வந்தா ஆர் இறக்கிறது?"

"பூசை இல்லையாம். சத்தத்தை மட்டும் காட்டுறதாம்."

"அப்ப பயமில்லை. உங்கட இடுப்புக்கு ஒண்டும் வராது."

நிகழ்ச்சி நாளன்று மாலை, நூலக மண்டபத்தில் பெரியவர் பறையைத் தட்டத் தொடங்கினார். நான் ஆட்டினேன். அலுமாரியை நகர்த்தினாற்போல உடம்பு முழுவதும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தது. மணிகள் மூச்சுவிடவில்லை. எனக்கு உடம்புக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து, நூலகத்துப் பெண் ஒருத்தி கதிரை ஒன்றைக் கொண்டுவந்து பின்னால் வைத்தாள்.

முன்வரிசையில் இருந்து மனைவி எழுந்து வந்தாள். "கழட்டித் தாங்கோ."

பட்டியைச் சேலைக்கு மேலே இறுக்கிக் கட்டி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். மண்டபம் அதிர்ந்தது. பெரியவரின் கை ஒரு கணம் நின்று, பிறகு வேகம் பிடித்தது. அவர் களைத்துப் பறையைக் கீழே வைத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நான் கதிரையில் இருந்து கைதட்டினேன்.

திரும்பும்போது பெரியவர் காரில் என் பக்கத்தில் இருந்தார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

"எங்கள் வீட்டில் இதைக் கட்டியவர் என் பெரியம்மா" என்றார். "உங்கள் மனைவிக்கும் அதே இடுப்பு."

"அப்படியென்றால் ஏன் என்னைக் கேட்டீர்கள்?"

"அவரைத்தான் கேட்க வந்தேன். கதவைத் திறந்தது நீங்கள்."

பின் இருக்கையில் மனைவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். மடியில் கிடந்த மணிகள் காட்டிக்கொடுத்துவிட்டன.